வீதியும் விதியும்

ஓர் ஊரிலே கொள்ளைநோயால் ஒரே நாளில் ஐவர் மாண்டால் அரசாங்கம் விழித்தெழும், வைத்தியர்கள் விரைவர், கிணறுகள் சோதிக்கப்படும். சுரங்கம் இடிந்து ஐவர் மாண்டால் விசாரணைக் குழு அமைக்கப்படும். ஆனால் அதே ஐவர் வெவ்வேறு வீதிகளில் வாகனங்கள் மோதி மாண்டால், மறுநாட் பத்திரிகையின் மூலைகளில் ஐந்து சிறு செய்திகள் வெளியாகும், அவ்வளவே. மோட்டார் வண்டி தோன்றிய காலந்தொட்டு உலகம் வீதி மரணத்தை இவ்வாறே நோக்கி வந்தது. ஓட்டியவரின் கவனக்குறைவு என்றோ, இறந்தவரின் விதி என்றோ ஒரு காரணங் கூறி மனத்தை ஆற்றிக்கொண்டது.

இந்த மனப்பான்மையை ஒரு நாட்டின் பாராளுமன்றம் வெளிப்படையாக மறுத்தது. வட ஐரோப்பாவிலுள்ள சுவீடனே அந்நாடு. 1997ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அப்பாராளுமன்றம் ஒரு தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது. நாட்டின் வீதிப் போக்குவரத்தில் எவரும் உயிரிழத்தலாகாது, எவரும் கடுங்காயம் அடைதலும் ஆகாது. இதுவே அரசாங்கத்தின் நெடுங்கால இலக்கு என்பது அத்தீர்மானத்தின் சாரம். மரணங்களைக் குறைப்பதன்று, அவற்றைப் பூச்சியமாக்குவதே குறிக்கோள். கேட்டவர் பலர் இதனைக் கனவு என்றனர். அக்கனவு எவ்வாறு பிறந்தது என்பதை அறிய, அதற்கு 30 ஆண்டுகள் முன்னே செல்லல் வேண்டும்.

சுவீடன் மக்கள் 18ஆம் நூற்றாண்டு முதல், இலங்கையிற் போலவே, வீதியின் இடப்புறமாகச் சென்றவர்கள். அண்டை நாடுகளான நோர்வேயும் பின்லாந்தும் வலப்புறத்தைக் கைக்கொண்டிருந்தன. அன்றியும் சுவீடனில் ஓடிய கார்களிற் பெரும்பாலானவற்றின் சுக்கான் இடப்பக்கத்திலேயே அமைந்திருந்தது. இதனால் முன்னே செல்லும் வண்டியைக் கடக்க முயலும் சாரதி, எதிரே வருவதைக் காண இயலாது இடர்ப்பட்டார். 1955ஆம் ஆண்டில் மக்கள் கருத்து வாக்கெடுப்பு மூலம் கேட்கப்பட்டபோது, நூற்றுக்கு 83 பேரளவில் மாற்றத்தை எதிர்த்தனர். எனினும் 1963இல் பாராளுமன்றம் மாற்றத்தை ஏற்றது. 1967ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வீதியில் நின்ற வண்டிகளெல்லாம் நிறுத்தப்பட்டு, மெல்ல வலப்புறம் நகர்த்தப்பட்டு, சரியாக 5 மணிக்கு மீண்டும் புறப்பட்டன.

பெருந்தொகையானோர் மடிவர் என்று அஞ்சியவர்கள் ஏமாந்தனர். விபத்துகள் பெருகுவதற்குப் பதிலாகக் குறைந்தன. காரணம் எளியது. புதிய முறை பழகாத மக்கள் அச்சத்தால் மெல்லச் சென்றனர். ஒருவரையொருவர் உற்று நோக்கினர். போதாக்குறைக்கு வேகமும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஆனால் அச்சம் தெளிந்தது, பழக்கம் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் மரணங்கள் ஏறக்குறைய பழைய நிலையை எட்டின. எச்சரிக்கையினால் வரும் பாதுகாப்பு, எச்சரிக்கை மங்கும்போது தானும் மங்கிவிடும் என்பதை ஒரு நாடு முழுவதும் கண்கூடாகக் கண்டது.

இதற்கு மாறான வேறொரு வழியும் அந்நாட்டிலேயே உருவாகியிருந்தது. போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே வீசும் ஆசனங்களை அமைப்பதில் ஈடுபட்டிருந்த நீல்ஸ் போலின் என்ற பொறியியலாளர், பின்னர் வொல்வோ நிறுவனத்திற் சேர்ந்தார். மார்பின் குறுக்கேயும் இடுப்பின் மீதும் சென்று மூன்று இடங்களிற் பொருந்தும் ஆசனப் பட்டியை அவர் வகுத்தார். 1959இல் அது கார்களிற் பொருத்தப்பட்டது. ஏனைய நிறுவனங்களும் அதனைத் தடையின்றிப் பயன்படுத்த வொல்வோ இடமளித்தது. 1975இல் முன்னாசனத்தில் அமர்வோர் யாவரும் பட்டி அணிதல் வேண்டும் என்று சுவீடன் சட்டம் விதித்தது. பட்டி எவரையும் நல்ல சாரதியாக்குவதில்லை. அது மனிதனைத் திருத்த முயலாமல், மனிதன் தவறும் நேரத்தில் அவனைத் தாங்கிக்கொள்கிறது.

இந்தச் சிறு பட்டியில் அடங்கிய எண்ணத்தை வீதி முழுவதற்கும் விரித்தால் என்ன? 1990களின் நடுப்பகுதியில் சுவீடனின் வீதி நிர்வாகத்திலே பாதுகாப்புப் பகுதிக்குத் தலைமை தாங்கிய கிளாஸ் ரிங்வால் எழுப்பிய கேள்வி இதுவே. அவர் விபத்துக் காயங்களை ஆராய்ந்த அறிஞர். 1960களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு 1300 பேரளவில் மாண்ட நாட்டில், 1997இல் மாண்டோர் 541 பேர். பிற நாடுகளோடு ஒப்பிட்டால் இது பெருமைக்குரிய குறைவு. ஆனால் ரயில் சேவையோ விமான சேவையோ ஆண்டுதோறும் இத்தனை பேரைக் கொன்றால், அதை எவரும் பெருமை என்று கூறார் என்பதே புதிய கொள்கையினர் காட்டிய நியாயம்.

அக்கொள்கையின் அடிப்படைகள் இரண்டு. முதலாவது, மனிதன் தவறுவான் என்பது. யானைக்கும் அடி சறுக்கும் என்பர். ஆண்டு முழுவதும் கவனமாக ஓட்டியவரும் ஒரு கணம் கண்ணயர்வார். பந்தைத் துரத்தும் குழந்தை வீதியைப் பார்க்காது. அத்தவறுக்கு மரணம் தண்டனையாகலாமா? இரண்டாவது, மனித உடல் தாங்கும் மோதலுக்கு ஓர் எல்லை உண்டு என்பது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் மோதப்பட்ட பாதசாரி பெரும்பாலும் பிழைப்பார். வேகம் ஏற ஏற அவ்வாய்ப்பு விரைந்து குறையும். ஆகவே மனிதரும் வாகனமும் கலக்கும் இடத்தில் 30, குறுக்குச் சந்தியில் 50, எதிரெதிரே மோதக்கூடிய வீதியில் 70 என்று, உடலின் வலிமையைக் கொண்டே வேகத்தை அளக்க வேண்டும் என அவர்கள் வாதித்தனர்.

இதனினும் புரட்சியானது, பொறுப்பைப் பகிர்ந்த முறை. வீதி விதிகளைக் கடைப்பிடிப்பது மக்களின் கடமை என்பதை அக்கொள்கை மறுக்கவில்லை. ஆனால் மக்கள் அதில் தவறினால், அல்லது தவறாமலே எவரேனும் மடிந்தால், மேலும் செய்யவேண்டியதைச் செய்யும் பொறுப்பு வீதியை அமைத்தோரையும் வாகனத்தை ஆக்கியோரையும் சாரும் என்றது. குற்றவாளியைக் கண்டுபிடித்ததோடு விசாரணையை மூடிவிடும் வசதி அரசாங்கத்துக்கு இல்லாமற் போயிற்று.

எதிர்ப்பு எழாமலில்லை. பூச்சியம் எட்டவொண்ணாதது, எட்டவொண்ணாத இலக்கிற்குப் பொதுப்பணத்தை இறைப்பது முறையன்று என்று பொருளியல் அறிஞர் சிலர் கூறினர். ஓர் உயிரைக் காக்க இவ்வளவு வரை செலவிடலாம் என்று கணக்கிடுவதே அவர்களின் வழக்கம். அக்கணக்கு, குறிப்பிட்ட தொகை மரணத்தை முன்கூட்டியே சம்மதிப்பதாகும் என்பதே மறுமொழி. சம்மதித்த அத்தொகையில் யாருடைய பிள்ளை அடங்கும் என்பதைச் சொல்வார் இல்லை.

வாதத்தோடு நில்லாமல் வேலை தொடங்கியது. சுவீடனின் நாட்டுப்புறங்களில் 13 மீற்றர் அகலமான நெடுஞ்சாலைகள் பல இருந்தன. அகலமும் நேரும் உடைய அவற்றில் வேகம் மிகுந்தது. எதிரெதிர் மோதலும் மிகுந்தது. அவற்றை இடித்துப் புதிய பெருஞ்சாலை கட்டப் பணம் போதாது. ஆகவே அதே அகலத்தை மூன்று தடங்களாக வகுத்தனர். நடுத்தடம் சிறிது தூரம் ஒரு திசைக்கும், அடுத்த சிறிது தூரம் மறு திசைக்கும் முந்திச்செல்ல உதவும். இரு திசைகளுக்கும் இடையே உருக்கு வடங்களாலான தடுப்பு ஓடும். 1998இல் யேவ்லே நகரின் வடக்கே முதல் வீதி இவ்வாறு மாற்றப்பட்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அவ்வடம் தம்மை அறுத்துவிடும் என்று அஞ்சிக் குரல் எழுப்பினர். ஆயினும் இவ்வாறு மாற்றிய வீதிகளில் மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. கண்ணயர்ந்த சாரதியின் வண்டி எதிரே வந்த குடும்பத்தின் மீது மோதுவதற்குப் பதிலாக, வடத்தில் உராய்ந்து நின்றது.

நகரங்களிற் குறுக்குச் சந்திகள் சுற்றுவட்டங்களாயின. வேகத்தைப் படம்பிடிக்கும் கருவிகள், முன்னறிவித்தற் பலகைகளோடு நிறுத்தப்பட்டன. சாரதியைப் பிடிப்பதன்று, அவரை மெல்லச் செல்லவைப்பதே நோக்கம். இவை இவ்வாறிருக்க, பழைய சட்டங்களும் தளர்த்தப்படவில்லை. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 20 மில்லிகிராம் மதுவிருந்தால் ஓட்டுவது குற்றம் என 1990இல் விதித்த கடுமையான எல்லை அவ்வாறே நின்றது.

ஆயினும் வரலாறு வெற்றியை மட்டும் கூறவில்லை. 2007ஆம் ஆண்டளவில் மரணங்களைப் பாதியாக்கி 270இற்குக் கொணர்வோம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அவ்வாண்டு மாண்டோர் 471 பேர். இலக்குத் தவறியது, ஏளனமும் எழுந்தது. எனினும் வடங்கள் நீண்டன. வேக எல்லைகள் திருத்தப்பட்டன. 2010இல் எண்ணிக்கை 266 ஆயிற்று. 2020இல் அது 204 ஆகக் குறைந்தது. பெருந்தொற்றால் பயணங்கள் அருகிய ஆண்டு அது. 2022இல் மீண்டும் 227. பூச்சியம் இன்னும் தொலைவிலேயே நிற்கிறது. ஆனால் 1960களில் ஆண்டுதோறும் மாண்டவர்களோடு ஒப்பிட்டால், வாகனங்கள் பன்மடங்கு பெருகியபின்னும், ஒவ்வோராண்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தத்தம் வீடு திரும்புகின்றனர்.

இக்கொள்கை எல்லை கடந்தும் பரவியது. நோர்வே அதனை ஏற்றது. 2014இல் நியூயோர்க் நகரம் ஏற்றது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் வீதிகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றின் வேக எல்லை 30 கிலோமீற்றராக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் வாழும் அந்நகரில், 2024ஆம் ஆண்டு யூலை முதல் ஓராண்டுக் காலம் வீதி விபத்தால் ஒருவரேனும் இறக்கவில்லை. கனவு என்று கூறப்பட்டது ஒரு நகரத்தில், ஓராண்டுக்கேனும், நனவாயிற்று.

உலகம் முழுவதையும் நோக்கினால் நிலை வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி ஆண்டுதோறும் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதிகளில் மாள்கின்றனர். அவர்களுட் பத்தில் ஒன்பது பங்கினர் வறிய நாடுகளிலும் இடைநிலை வருவாயுள்ள நாடுகளிலும் வாழ்ந்தவர்கள். 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரை வேறெதனினும் மிகுதியாகக் கொல்வதும் இதுவே. 2030ஆம் ஆண்டளவில் இதனைப் பாதியாக்க வேண்டுமென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்துள்ளது.

சுவீடனின் வீதிகளிற் காத்தவை பெரும்பாலும் விலையுயர்ந்த அற்புதங்கள் அல்ல. ஓர் உருக்கு வடம், ஒரு சுற்றுவட்டம், குறைந்த வேகம், மார்பின் குறுக்கே ஒரு பட்டி. அவற்றை நாட்டுவதற்கு முன் அந்நாடு மாற்றிக்கொண்டது ஒரு கேள்வியை. ஒருவர் வீதியில் மாண்டபோது தவறு யாருடையது என்று கேட்டு நின்ற அதிகாரிகள், அத்தவறு ஏன் உயிரைக் கொண்டுபோயிற்று என்று கேட்கத் தொடங்கினர். முதற் கேள்விக்கு விடை நீதிமன்றத்தில் முடிந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு விடை தேடிய பொறியியலாளர் அந்த வீதிக்கே மீண்டும் செல்ல வேண்டியதாயிற்று.