சாய்ப்பு இறக்கிய மென்பொருள்



லயத்து வீட்டின் பின்புறம் சாய்ப்பு இறக்கிக் குசினியைப் பெரிதாக்கினோம்; மூல வீட்டை யாரும் இடிக்கவில்லை. கணினி உலகமோ இந்தப் பாடத்தை மெல்லத்தான் கற்றது.

2003-இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர், இணையத்தில் எழுதுவோருக்காக ‘வேர்ட்பிரஸ்’ மென்பொருளை வெளியிட்டனர். அதில் புதிய வசதி ஒன்றைச் சேர்க்க விரும்பியவர், பெரும்பாலும் மூல நிரலையே திருத்த வேண்டியிருந்தது. அடுத்த பதிப்பை நிறுவினால் அந்தத் திருத்தம் அழிந்துவிடும்.

2004 மே மாதம் வந்த 1.2 பதிப்பு, கூடுதல் வசதியைத் தனிக் கோப்பாகச் செருக வழிவிட்டது. அதுவே செருகுநிரல், ‘பிளகின்’ என்பர். பிறகு பலரும் படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் நிகழ்படத்திற்கும் செருகுநிரல்கள் செய்து தந்தனர்.

இன்று, தாத்தாவின் பால்வெட்டுக் கதையை எழுதும் பேத்தி, நிரல் எழுதத் தெரியாமலே அவர் குரலையும் அதில் சேர்க்கலாம். தாத்தா இருக்கும்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்.