இலைப்பரப்பின் கணக்கு

மரத்தின் உயரத்தையும் அடிமரத்தின் சுற்றளவையும் அளப்பதற்கு மனிதன் மிகப் பழைய காலத்திலேயே வழி கண்டுவிட்டான். உத்தரமாகவும் கதவாகவும் ஆகவேண்டிய மரத்துக்கு அவ்விரண்டும் தெரிந்தாலே போதும். ஆனால் உயிரோடு நிற்கும் விருட்சம் ஜீவிப்பது இலைகளினால். சூரிய கிரணத்தை ஏற்று உணவு சமைப்பதும், வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக்கி வெளிவிடுவதும், காற்றில் வரும் தூசியைத் தடுப்பதும், நிழல் தருவதும் இலையின் தொழில்களே ஆதலால், ஒரு மரம் எவ்வளவு உழைக்கிறது என்று கேட்பவன் முதலில் அதன் இலைகள் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டிச் சொல்லக் கடமைப்பட்டவனாகிறான். அந்தக் கணக்கைப் போடுவதற்கு விஞ்ஞானிகள் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாகப் பாடுபட்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெட்டிங்டன் என்னும் கிராமத்தில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், 1724 ஜூலை மாதத்தில், மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு எடுத்து, மண்ணிலுள்ள ஈரம் நேரே ஆவியாகிவிடாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, காலையிலும் மாலையிலும் தராசில் வைத்து நிறுத்து வந்தார். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்ஸ் நீர் செடியின் வழியே வெளியேறிற்று. எவ்வளவு பரப்பிலிருந்து அந்த நீர் போயிற்று என்று தெரியாதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை என்று உணர்ந்த அவர், இலைகளையெல்லாம் பறித்து, சிறிதும் பெரிதுமாக ஐந்து குவியல்களாகப் பிரித்துவைத்தார். பிறகு, நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிக் கால் அங்குலச் சதுரங்களாக அமைத்த பின்னல் ஒன்றை ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்த இலையின் மேல் பரப்பி, அதனுள் அடங்கிய கட்டங்களை எண்ணி, வந்த தொகையை அக்குவியலின் இலைகளது எண்ணிக்கையால் பெருக்கினார். மண்ணுக்கு மேலிருந்த செடியின் பரப்பு 5,616 சதுர அங்குலம், அதாவது 39 சதுர அடி என்று விடை கிடைத்தது. அதை மனித தேகத்தின் தோற்பரப்போடும் வியர்வையோடும் ஒப்பிட்டு, பருமனுக்குப் பருமன் மனிதனைக் காட்டிலும் 17 மடங்கு நீர் செடியின் ஊடே செல்கிறது என்று முடிவு கட்டினார். 1727-இல் வெளிவந்த 'வெஜிடபிள் ஸ்டாடிக்ஸ்' என்னும் அவருடைய நூலில் இப்பரிசோதனை விவரமாக இடம்பெற்றிருக்கிறது. எல்லாவற்றையும் அளக்க இயலாதபோது வகைக்கு ஒன்றை நன்றாக அளந்து பெருக்கிக்கொள்வது என்ற அவருடைய யுக்தி, பின்னால் வந்த அநேக முறைகளுக்கு ஆதாரமாயிற்று.

கட்டம் எண்ணுகிற சிரமத்தைக் குறைக்கப் பிற்காலத்தார் பல உபாயங்கள் கண்டார்கள். இலையின் வடிவத்தைச் சீரான கனமுள்ள தாளில் வரைந்து, வெட்டி, தாளை நிறுத்துப் பரப்பைக் கணிப்பது ஒன்று. ஸ்விட்சர்லாந்து தேசத்து யாக்கோப் ஆம்ஸ்லர் 1854-இல் அமைத்த பிளானிமீட்டர் என்னும் கருவியின் முனையை இலையின் ஓரத்தைச் சுற்றி ஓட்டி, அதன் சிறு சக்கரம் உருண்ட அளவிலிருந்து பரப்பை அறிவது மற்றொன்று. இலையைப் பறிக்காமலே அதன் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, வடிவத்துக்கேற்ற ஒரு பின்னத்தால் குறைத்துக்கொள்வது மூன்றாவது; மக்காச்சோள இலைக்கு அப்பின்னம் முக்கால் என்று அமெரிக்காவில் மான்ட்கோமரி 1911-இல் காட்டினார்.

இவையெல்லாம் செடிக்குப் போதும். இலைகளை எண்ணவே இயலாத பெருமரத்துக்கு எப்படிப் போதும்? வனத்துறை அறிஞராகிய ஜோசப் கிட்ரெட்ஜ் 1944-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். சில மரங்களை மட்டும் வெட்டி, இலைகளை முழுவதும் நிறுத்து, அந்த எடைக்கும் மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்துக்கும் உள்ள சம்பந்தத்தை மடக்கைக் கணக்கினால் ஒரு சூத்திரமாக்கிவிட்டால், மற்ற மரங்களை வெட்ட வேண்டியதில்லை. நாடாவைச் சுற்றி அளந்தாலே போதும். இலையுதிர் காடுகளிலோ, மரத்தடியில் கூடைகளையும் வலைகளையும் வைத்து, பருவம் முழுவதும் உதிர்கிற இலைகளைச் சேர்த்து அளந்தார்கள்.

இதற்கிடையில், எந்த எண்ணைத் தேடுகிறோம் என்பதே தெளிவுபட்டது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வாட்சன், 1947-இல், ஒரு பயிரின் மொத்த இலைப்பரப்பை அது நிற்கும் நிலத்தின் பரப்பால் வகுத்து, அந்த ஈவுக்கு இலைப்பரப்புக் குறியீட்டெண் என்று பெயரிட்டார். ஐந்து என்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே ஐந்து சதுர மீட்டர் இலை அடுக்கடுக்காக நிற்கிறது என்று பொருள். வயலையும் தோப்பையும் காட்டையும் ஒரே எண்ணால் ஒப்பிட இதனால் இயன்றது.

மரத்தைத் தொடாமல் அவ்வெண்ணை அறியும் வழி புல்வெளியிலிருந்து வந்தது. நியூசிலாந்தில் லெவியும் மேடனும் 1933-இல் மேய்ச்சல் நிலங்களில் மெல்லிய ஊசிகளை இறக்கி, முனை எந்தப் புல்லைத் தொடுகிறது என்று குறித்து வந்தார்கள். பின்னர் வாரன் வில்சன், ஊசியைக் கிடைமட்டத்துக்கு 32.5 பாகை சாய்த்துச் செலுத்தி அதன் முனை இலைகளைத் தொடும் தடவைகளை எண்ணினால், இலைகள் எந்தச் சாய்வில் நின்றாலும் பரப்பு பெரும்பாலும் பிழையின்றிக் கிடைக்கும் என்று கணித்துக் காட்டினார். உயர்ந்த மரத்தில் ஊசியைச் செலுத்த முடியாது. ஆனால் ஓர் ஒளிக்கதிர் இலைமண்டலத்தை ஊடுருவி வருவதும் அத்தகைய ஊசிப் பிரயோகமே அன்றோ? இலைகளினூடே ஒளி எந்த விதிப்படி குறைகிறது என்பதை ஜப்பானில் மோன்சியும் சாயெக்கியும் 1953-இல் நிறுவினார்கள். மேகங்களைப் படம் பிடிக்க ராபின் ஹில் 1924-இல் உருவாக்கிய, வானம் முழுவதையும் ஒரே வட்டத்தில் காட்டும் காமிராவைக் கொண்டு, இவான்ஸும் கூம்பும் 1959-இல் காட்டினுள்ளிருந்து மேல்நோக்கிப் படமெடுத்தார்கள். அத்தகைய படத்தில் தெரியும் வான இடைவெளிகளை அளந்தே இலைப்பரப்பைக் கணிக்கும் முறை வளர்ந்தது. இன்றோ செயற்கைக்கோள்கள், இலை சிவப்பொளியை விழுங்கி அகச்சிவப்பைத் திருப்பியனுப்பும் குணத்தைக் கொண்டு கண்டங்களின் இலைப்பரப்பையே படமாக்குகின்றன.

ஆயினும் இந்தக் கருவிகள் அனைத்தும் அனுமானம் செய்பவை. காமிராவுக்குக் கிளையும் இலையும் ஒரே கருமை. அடர்ந்த காட்டின் மேல் செயற்கைக்கோளின் கணக்கு ஓர் எல்லைக்குமேல் ஏறாது. அவற்றின் பிழையைத் திருத்த, பறித்த இலையையும் உதிர்ந்த இலையையும் நேரே அளந்த எண்கள்தாம் வேண்டியிருக்கின்றன.

இந்த வித்தையினால் நமக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்று உண்டு. சாலைக்காகப் பெருமரம் ஒன்றை வீழ்த்தும்போது, ஈடாகப் பத்துக் கன்றுகள் நட்டுவிட்டால் கடன் தீர்ந்தது என்று சொல்லுகிறோம். பத்து மீட்டர் அகலத்துக்குக் கவிந்த ஒரு மரம், குறியீட்டெண் ஐந்து என்று கொண்டால், ஏறக்குறைய 390 சதுர மீட்டர் இலையை ஏந்தி நிற்கிறது. கன்று ஒன்றுக்கு 40 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள இலைகள் நூறு என்று தாராளமாகவே வைத்தாலும், பத்துக் கன்றுகளுக்கும் சேர்த்து 4 சதுர மீட்டர்தான். இழந்ததில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. கன்றுகள் வளராமல் போகா என்பது மெய்யே. அதுவரை அத்தெருவில் நடப்பவன் வெயிலில் நடக்கிறான். ஆகவே, மரத்தை வெட்ட உத்தரவு கேட்கும் விண்ணப்பத்தில் அடிமரத்தின் சுற்றளவோடு இலைப்பரப்பையும் எழுதவேண்டும் என்று விதிப்பது நியாயம். நாடாவும் சூத்திரமும் இருக்க, அதைச் செய்யாதிருக்க நமக்குக் காரணம் ஏதுமில்லை.