பத்தியமைப்பும் தமிழ்ப் பாடமும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தமிழ்க் கட்டுரைத் தாள்களைத் திருத்தும் ஆசிரியர் பலரும் கூறும் குறை ஒன்று உண்டு: மாணவர் பத்தி பிரிக்கின்றனர், ஆனால் பத்தி எழுதுவதில்லை. முதல் வரியைச் சற்று உள்தள்ளித் தொடங்குகின்றனர். நான்கைந்து வரிகள் முடிந்ததும் அடுத்த வரிக்குச் செல்கின்றனர். இடைப்பட்ட சொற்றொடர்களோ ஒன்றோடொன்று உறவின்றி நிற்கின்றன. இக்குறைக்கு மாணவரின் திறமின்மையே காரணம் எனக் கொள்வது பொருந்தாது. பத்தி என்பது தமிழ்க் கல்விக்குள் எவ்வாறு வந்தது, வந்தபோது எதனைக் கொண்டுவந்தது, எதனை விட்டுவிட்டது என்பவற்றை ஆராய்ந்தால் வேறொரு காரணம் புலனாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்கலாம். 'பத்தி' என்பது வரிசை எனப் பொருள்படும் 'பங்க்தி' என்னும் வடசொல்லின் திரிபு. நாளிதழ்ப் பக்கத்தின் நெடுவரிசைக்கும் இச்சொல்லே வழங்குகிறது. இலங்கைத் தமிழர் 'பந்தி' என்பர். தமிழகத்திலோ அது விருந்தினர் உண்ண அமரும் வரிசை. பேச்சில் வழங்கும் 'பாரா' ஆங்கிலத்தின் வழி வந்தது. அதன் மூலமான கிரேக்கச் சொல் எழுத்தின் பக்கத்தே இடப்பட்ட ஒரு கோட்டைக் குறித்தது. இம்மூன்று சொற்களும் கண்ணுக்குத் தெரியும் அமைப்பையே சுட்டுகின்றன. கருத்தின் ஒருமையைச் சுட்டுவது அவற்றுள் ஒன்றும் இல்லை.

2. ஏட்டு மரபில் கருத்துப் பகுப்பு

ஓலைச்சுவடியில் இன்றைய பொருளில் பத்தி இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல், ஓலையின் அகலம் முழுவதும் எழுதிச் செல்வதே வழக்கம். பல சுவடிகளில் மூலமும் உரையும்கூடப் பிரிவின்றித் தொடர்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோர் பழநூல்களைப் பதிப்பித்தபோது, எது மூலம், எது உரை, எது மேற்கோள் எனப் பிரித்தறிவதே பெரும் பணியாக இருந்தது.

இடத்தால் பகுப்பு இல்லை என்பதனால் கருத்துப் பகுப்பே இல்லை எனல் தவறாகும். தொல்காப்பியச் செய்யுளியலும், அதன் வழியில் நன்னூற் பாயிரமும், நூலின் உறுப்புகளாகச் சூத்திரம், ஓத்து, படலம் முதலியவற்றைக் கூறுகின்றன. ஓரினமான மணிகளை வரிசையாகக் கோத்தாற்போல ஓரினப் பொருள்களை ஓரிடத்து அமைப்பது ஓத்தின் இலக்கணம். இது இயல் அளவிலான பகுப்பே; எனினும் ஒருமை, ஒழுங்கு ஆகிய இரண்டும் இதனுள் அடங்கியுள்ளன. சூத்திரங்கள் தம்முள் தொடரும் முறையை நன்னூல் ஆற்றொழுக்கு, அரிமாநோக்கு, தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்காக வகுக்கிறது. கருத்து இடையறாது செல்லுதல், முன்னும் பின்னும் நோக்குதல், இடைவிட்டுச் சென்று தொடர்தல், வேறிடத்திலிருந்து வந்து உரியதைக் கொண்டு மீளுதல் என்பன, இக்கால மொழியியலார் பனுவல் இயைபு என ஆராயும் பொருளுக்கு மிக அணுக்கமானவை.

உரையாசிரியர்கள் இதனை நடைமுறையில் காட்டினர். இறையனார் களவியல் உரையிலும் தொல்காப்பிய உரைகளிலும் ஒரு கருத்தின் தொடக்கம், திருப்பம், முடிவு ஆகியவை சொற்களால் உணர்த்தப்பெறுகின்றன. 'என் நுதலிற்றோ எனின்' எனத் தொடங்கினால் பொருள் அறிவிக்கப்படுகிறது. 'என்னை?' எனில் காரணம் வரப்போகிறது. 'அற்றேல்' எனில் தடை எழுகிறது. 'என்றவாறு' எனில் அப்பகுதி முடிகிறது. இன்றைய வாசகருக்கு வெற்றிடம் ஆற்றும் பணியை அன்று இச்சொற்கள் ஆற்றின. வாய்விட்டுப் படித்துக் கேட்டுக் கற்ற சூழலில் அதுவே இயல்பு. வெற்றிடம் செவிக்குப் புலப்படாது.

3. அச்சும் பாலபாடமும்

அச்சின் வரவால் கண்ணால் அறியும் பகுப்பு இன்றியமையாததாயிற்று. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானபோதே தமிழ் அச்சுக்கலை தொடங்கினாலும், பள்ளிப் பிள்ளைகளுக்கான உரைநடை நூல்கள் பெருகியது 19ஆம் நூற்றாண்டிலேயே. திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி ஆகியன மனப்பாடமாகப் பயிலப்பட்டன. எழுதுதல் என்பது மணலிலும் ஓலையிலும் எழுத்தைப் பழகுவதாகவும், உள்ளதைப் படியெடுப்பதாகவும் இருந்தது. புதிதாக ஒன்றை உரைநடையில் இயற்றும் பயிற்சி அதில் இடம்பெறவில்லை.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) இயற்றிய பாலபாடங்கள் இவ்வகையில் ஒரு திருப்பமாகும். எளிய சிறு சொற்றொடர்களில் தொடங்கி, கொலை, களவு, கோபம், கல்வி முதலிய தலைப்புகளில் அமைந்த தொடருரைகள் வரை அவை படிப்படியாக உயர்கின்றன. நிறுத்தக்குறிகளை ஒழுங்காகக் கையாண்ட முன்னோடிகளுள் நாவலர் ஒருவர். ஆயினும் பாலபாடம் படிப்பதற்குரிய நூல். பத்தியைப் படிக்கப் பழக்கியதேயன்றி, அதனை எழுதும் முறையைத் தனிப்பாடமாக வகுத்துரைக்கவில்லை. அந்த இடம் வெற்றாகவே இருந்தது.

4. பெய்னின் விதிகள்

அவ்விடத்தை நிரப்பியது ஆங்கிலக் கட்டுரைப் பாடம். ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் தருக்கவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் பேராசிரியராக இருந்த அலெக்சாண்டர் பெய்ன், 1866இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரை நூலில் பத்திக்கு விதிகள் வகுத்தார். சொற்றொடர்களுக்கிடையேயான தொடர்பு தெளிவாக இருத்தல், தொடக்கச் சொற்றொடர் பத்தியின் பொருளை உணர்த்துதல், பத்தி ஒருமையுடன் அமைதல் முதலியன அவற்றுள் அடங்கும். 1890களில் அமெரிக்காவில் ஸ்காட், டென்னி ஆகிய இருவர் பத்தி எழுதுதலுக்கென்றே பாடநூல் இயற்றினர். 1930களில் வெளிவந்து இந்தியப் பள்ளிகளில் பரவிய ரென்–மார்ட்டின் இலக்கண நூலும் ஒருமை, ஒழுங்கு, தலைமைச் சொற்றொடர் என இதே முறையைக் கற்பித்தது. ஆங்கில வகுப்பில் கற்ற இம்முறையே தமிழ் வகுப்பிலும் அளவுகோலாயிற்று.

இவ்விதிகளின் வலிமை பிற்காலத்தே ஐயுறப்பட்டது. பெய்ன் தம் விதிகளை எழுத்தாளர்களின் வழக்கை ஆராய்ந்து பெறவில்லை. சொற்றொடர் பற்றிய கருத்துகளைப் பத்திக்கு விரித்தே பெற்றார் என 1965இல் பால் ராட்ஜர்ஸ் வாதிட்டார். 1974இல் ரிச்சர்ட் பிராடக், அமெரிக்க இதழ்களில் வெளிவந்த 25 கட்டுரைகளை ஆராய்ந்தார். தலைமைச் சொற்றொடரில் தொடங்கிய பத்திகள் ஏறத்தாழ 13 விழுக்காடே என அவர் கண்டார். ஆங்கிலத்திலேயே தேர்ந்த எழுத்தாளர் பெரிதும் பின்பற்றாத ஒரு விதியை, தமிழ் எழுதும் சிறார்க்கு மாறா விதியாகக் கற்பித்தல் முறையன்று. அதேபோழ்து, 1966இல் ராபர்ட் கப்லான் ஆங்கிலச் சிந்தனை நேர்கோடு என்றும் கீழைநாட்டுச் சிந்தனை சுழல்வட்டம் என்றும் வரைந்து காட்டியதும் ஏற்கத்தக்கதன்று. மேலே கண்ட உரைநடை, வினாவும் விடையும் தடையுமாக நெறிப்பட்டுச் செல்வது.

5. சொற்றொடர் சுருங்கியதன் விளைவு

தமிழ்ப் பத்தியின் சிக்கலுக்கு மொழியமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. பழைய உரைநடையில் வினையெச்சங்கள் கருத்துகளை இணைத்தன. செய்து, செய்தலின், செய்யின், செய்தும் என அடுக்கி, இறுதியில் ஒரு முற்றுவினை பெற்று முடியும் நெடுந்தொடர், பல வேளைகளில் இன்றைய பத்தி ஒன்றின் பணியைத் தானே ஆற்றியது. காரணமா, நிபந்தனையா, முரணா என்பதை எச்சத்தின் ஈறே காட்டிவிடும்.

20ஆம் நூற்றாண்டின் இதழியல் இந்நெடுந்தொடரை உடைத்தது. 1917இல் தேசபக்தனிலும் 1920 முதல் நவசக்தியிலும் திரு. வி. க. கையாண்ட சிறுதொடர் நடை பலருக்கு வழிகாட்டிற்று. தெளிவு பெருகியது. ஆனால் எச்சங்கள் முற்றுகளானபோது, அவை சுமந்த உறவுகள் தொடர்களுக்கு வெளியே வந்துவிட்டன. அவற்றை இனி ஏற்க வேண்டியவை இணைப்புச் சொற்கள், சுட்டுச் சொற்கள், பத்தியின் ஒழுங்கு ஆகியன. சிறுதொடரைக் கற்பித்த பள்ளி, இந்த மாற்றத்தைக் கற்பிக்கவில்லை.

6. வகுப்பறையில்

எடுத்துக்காட்டாக, மாணவர் ஒருவர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்ளலாம்: "எங்கள் ஊரில் ஒரு குளம் உள்ளது. குளத்தில் தாமரை உள்ளது. குளத்துக்கு வாய்க்கால் உள்ளது. குளம் கோடையில் வற்றும்." முதல் தொடர் பொருளை அறிவிக்கிறது, எல்லாத் தொடர்களும் குளத்தையே பேசுகின்றன. பெய்னின் விதிகளை மேலோட்டமாகப் பார்த்தால் குறையில்லை. எனினும் இது பத்தியன்று, பட்டியல்.

இங்கு ஆசிரியர் உரையாசிரியரின் வினாவையே கேட்கலாம்: குளம் வற்றும், ஏன்? விடை வாய்மொழியாக வரும். பின்னர் அதனை ஒரே தொடராகச் சொல்லச் செய்யலாம்: "வாய்க்கால் தூர்ந்து கிடப்பதால் மழைநீர் வந்து சேராமல், கரை உயரமாக இருந்தும் குளம் பாதியே நிறைந்து, பங்குனிக்குள் வற்றிவிடுகிறது." அடுத்து அதனைச் சிறுதொடர்களாகப் பிரிக்கச் சொல்லலாம்: "எங்கள் ஊர்க் குளத்தின் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. அதனால் மழைநீர் முழுதும் வந்து சேர்வதில்லை. கரை உயரமானதுதான்; ஆயினும் குளம் பாதியே நிறைகிறது. அந்த நீரும் பங்குனிக்குள் வற்றிவிடுகிறது." எச்சத்தின் ஈறுகள் 'அதனால்', 'ஆயினும்' என்னும் இணைப்புகளாகவும், 'அந்த நீரும்' என்னும் சுட்டாகவும் மாறியதை மாணவரே காண்பர். தாமரை ஏன் விடுபட்டது என்றும் அவரே கூறுவர். தலைமைக் கருத்து முதலில் நிற்கலாம், இறுதியிலும் நிற்கலாம். வினை இறுதியில் நிற்கும் மொழியில் பின்னது அயலாகத் தோன்றாது.

7. முடிவுரை

பத்தியில் இரண்டு கூறுகள் உள்ளன: ஒன்று, அச்சு தந்த இடப்பகுப்பு, மற்றொன்று, உரைமரபு முன்பே அறிந்திருந்த கருத்திணைப்பு. பள்ளிக் கல்வி முன்னதை ஏற்றுப் பின்னதை நெகிழவிட்டது. மாணவர் தாள்களில் காணும் குறை அந்த வரலாற்றின் எச்சமே. மொழிபெயர்ப்பிலும் இதே குறை தோன்றுகிறது. ஆங்கிலப் பத்தியின் எல்லைகளை அப்படியே காத்து, அதன் தொடர்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கும்போது, ஆங்கிலம் சொல்லாமல் உணர்த்தும் உறவுகள் தமிழில் காணாமற்போகின்றன. தமிழ் உரைகளை ஆங்கிலமாக்குவோர் 'என்னை?' என்பதை வெற்றுச் சொல்லாகக் கருதி நீக்கும்போது, வாதத்தின் மூட்டு ஒன்று கழன்றுவிடுகிறது. எனவே பத்தி கற்பிக்கும் ஆசிரியரும் பத்தியை மொழிபெயர்ப்பவரும், உள்தள்ளிய முதல் வரியை நோக்குமுன், இரண்டாம் தொடர் முதல் தொடருக்கு என்ன உறவுடையது என வினவுதல் வேண்டும்.