கோட்டையும் விதையும்

ஆற்காட்டு அரியணை யாருக்கு? அந்த வழக்கில், 1751இல் ரஞ்சன்குடிக் கோட்டையருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். உழவனைக் கேட்டவர் எவர்? ஒருவருமிலர்!

இன்று வேறோர் அரியணை எழுந்துள்ளது, அது விதை. பெரம்பலூர்க் கரிசலில் விளையும் பருத்தியைத் துளைத்த காய்ப்புழுவை மந்திரம் விரட்டவில்லை. மண்வாழ் நுண்ணுயிரியின் மரபணுவை விதையிலேற்றிய அறிவு தடுத்தது. அந்தப் பி.டி. பருத்திக்கு 2002இல் இந்திய அரசு ஒப்புதல் தந்தது.

ஆனால், 450 கிராம் விதையின் விலை 1600 ரூபாயைத் தாண்டியது. 2006இல் ஆந்திர அரசு வழக்காடிய பின்னரே 750 ரூபாய்க்கு இறங்கியது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் நாளடைவில் அந்த நஞ்சைத் தாங்கப் பழகிற்று.

நாளை வறட்சியைத் தாங்கும் நெல் வரலாம். வரட்டும், வரவேற்போம்! ஆனால், ஆய்வுக்கூடத்தின் அறிவு அனைவர்க்கும் உரியதாகட்டும். விதையை விற்பவன் வேந்தனாகி, விதைப்பவன் அடிமையாவானெனில், கோட்டை மாறியது, கொடுமை மாறவில்லை!