கலியன் திருமேனியும் களவின் காரணங்களும்

புதுவை நகரின் வடபால் உள்ள கருவடிக்குப்பம், சித்தானந்த சுவாமிகளின் சமாதிக் கோயிலாலும், பாரதியார் உலவியதாக வழங்கும் குயில்தோப்பாலும் அறியப்படும் ஊர். நகரின் தென்பால், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. முன்னதை வழிபாடும் பாட்டும் மக்கள் நினைவில் நிறுத்தின. பின்னதற்கு அத்தகைய துணை இல்லை. யவன வாணிபம் நிகழ்ந்த அத்துறைமுகம் மண்மேடாகிப் பல நூற்றாண்டுகள் கிடந்தது. நினைவு அற்ற இடத்தில் பொருள் மட்டும் எஞ்சுகிறது. பொருள் மட்டும் எஞ்சிய இடத்தில் கொள்ளை புகுகிறது.

சுக்கிரன் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண 1769-இல் புதுவையில் காத்திருந்த பிரெஞ்சு வானநூலார் லெ ழாந்தி, வீராம்பட்டினத்தின் அருகே மக்கள் பெருஞ்செங்கற்களைத் தோண்டி எடுப்பதைக் குறித்துள்ளார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது சுவர் நின்ற இடங்கள் பலவற்றில் செங்கல் இல்லை. பறித்த பள்ளத்தின் தடமே இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் ழூவோ துப்ரேய் என்னும் அறிஞர், ஊர்ச் சிறுவர் மேட்டில் பொறுக்கிய மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். அகஸ்டஸின் தலை பொறித்தது என்று அவர் கருதிய மணி ஒன்றே அவ்விடத்தின் பெருமையை உலகறியச் செய்தது. குடிசை கட்டக் கல்லெடுத்தவனுக்கு வறுமை காரணம். மணி வாங்கியவருக்கு அறிவு வேட்கை காரணம். இரண்டும் இழிந்தவை அல்ல. ஆயினும் எப்பொருள் எவ்வடுக்கில் கிடந்தது என்னும் செய்தி இரண்டினாலும் அழிந்தது. நோக்கு நல்லதாயினும் இழப்பு இழப்பே என்பதை அரிக்கமேடு காட்டுகிறது.

இனி அர்ச்சாமூர்த்திகளைப் பற்றிய விசாரம். கும்பகோணத்தை அடுத்த சுந்தரபெருமாள்கோயில் ஸ்ரீஸௌந்தரராஜப் பெருமாள் ஸந்நிதியில் எழுந்தருளியிருந்த திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி, 1967-இல் லண்டன் ஏலத்தின் வழியாக ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தை அடைந்தது. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1957-இல், புதுவை பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அத்திருமேனியைக் கோயிலிலேயே படமெடுத்திருந்தனர். அப்படத்தை 2019-இல் ஓர் ஆய்வாளர் சுட்டிக்காட்ட, அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. 2024 மார்ச் 11-ஆம் நாள் பல்கலைக்கழகப் பேரவை, திருமேனியைத் திருப்பி அளிக்க வேண்டும் என்னும் கோரிக்கையை ஆதரித்தது. இதற்கிடையே காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் கோயிலில் விசாரித்தபோது, அங்கு ஆராதனம் கண்டுவந்தது மாற்றுப் படிமம் என்று தெரியவந்தது.

களவுபோன திருமேனி திருமங்கையாழ்வாருடையது என்பதில் நம் ஸம்ப்ரதாயத்தார் எளிதில் கடந்து செல்லலாகாத ஒரு செய்தி உண்டு. ததீயாராதனத்தின் பொருட்டு வழிப்பறி செய்தவர் கலியன். திருவரங்கத் திருப்பணிக்காக நாகப்பட்டினத்துப் பொன் புத்தவிக்ரஹத்தைக் கவர்ந்து வந்து உருக்கியவர் என்றும் குருபரம்பராப்ரபாவம் கூறுகிறது. களவுக்கு எதிராகப் பேசப் புகும் வைஷ்ணவனை, "உம் ஆழ்வார் செய்தது யாது?" என்று ஒருவர் வினவினால் விடை யாது?

"அது பகவத் கைங்கர்யம், தமக்கென ஒன்றும் கொள்ளவில்லை" என்பது வழக்கமான ஸமாதானம். அது ஆழ்வாரின் சுயநலமின்மையை நிறுவும். அவ்விக்ரஹத்தை வணங்கியிருந்தவர்களின் இழப்புக்கு அது விடையாகாது. வரலாற்று நோக்கில் கருதத்தக்கது மற்றொன்று. நாகையின் புகழ்பெற்ற சூடாமணி விஹாரம் ஆழ்வாருக்குப் பிற்பட்ட முதலாம் ராஜராஜன் காலத்தில் எழுந்து, சோழ மன்னரிடம் ஆனைமங்கலத்தை அறக்கொடையாகப் பெற்றது. 1856 முதல் நாகையில் வெளிப்பட்ட பௌத்தச் செப்புப் படிமங்கள் ஏறத்தாழ 350. எஞ்சியிருந்த பழைய செங்கற் கோபுரத்தை 1867-இல் இடித்தவர்கள் பிரெஞ்சு ஏசு சபையினர். ஆங்கில அரசு அதற்கு இசைவளித்தது. ஆகவே ஆழ்வார் வைபவத்தைக் கொண்டு நாகைப் பௌத்தத்தின் முடிவை உரைத்தல் பொருந்தாது. எனினும் அவ்வைபவத்தை நம் பூர்வர்கள் மறைக்கவில்லை என்பதே இங்குக் கொள்ளத்தக்கது. கள்வன் எங்கோ புறத்தே உள்ளவன் என்று அவர்கள் எண்ணவில்லை. திருமந்த்ரம் பெற்ற வழிப்பறியை இன்றும் திருவரங்கத்தில் வேடுபறி உத்ஸவமாகக் கொண்டாடுகிறோம். பறிக்க வந்த கை கூப்பிய கையாக மாறியதே அதன் பொருள்.

திருமேனிகளைக் கவர்ந்த காரணங்கள் காலந்தோறும் வேறுபட்டன. முதலாம் ராஜாதிராஜன் கல்யாணபுரத்திலிருந்து கொணர்ந்த துவாரபாலகர், அச்செய்தியைப் பொறித்த கல்வெட்டுடன் தாராசுரத்தில் நின்றது. கிருஷ்ணதேவராயர் உதயகிரியை வென்று, அங்கிருந்த பாலகிருஷ்ணனை விஜயநகரத்தில் கோயில் எடுத்து 1515-இல் பிரதிஷ்டை செய்தார். இவை வெற்றிக் கொள்ளை. ஆனால் இடம் மாறிய பின்னும் கிருஷ்ணன் கிருஷ்ணனாகவே ஆராதனம் பெற்றான். பகையரசன் கவர்ந்தது தெய்வம் என்று அறிந்தே கவர்ந்தான்.

புறத்தோற்றத்தில் களவு போன்று இருந்து, உண்மையில் ரக்ஷணமாகிய செயலும் உண்டு. 1323-இல் பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு திருவரங்கத்தை விட்டு வெளியேறினார். வழியில் ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். 1371-இல்தான் பெருமாள் மீண்டார். அக்காலங்களில் பல ஊரார் உத்ஸவமூர்த்திகளை மண்ணில் புதைத்துக் காத்தனர். புதைத்தவர் மாண்டபின் புதைத்த இடமும் மறந்தது.

அவ்வாறு மறந்த நிலத்தில் பிற்காலத்துக் களவு தொடங்குகிறது. 1976-இல் பத்தூரில் தன் குடிசையருகே மண் வெட்டிய கூலித் தொழிலாளி ஒருவர் நடராஜர் திருமேனியைக் கண்டெடுத்தார். சொற்பத் தொகைக்கு விற்றார். 1982-இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதனை 2,50,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. நெடிய லண்டன் வழக்கின் முடிவில் 1991-இல் அம்மூர்த்தி மீண்டது. கண்டெடுத்தவனின் வறுமைக்கும் வாங்கியவனின் செல்வத்துக்கும் இடையில் நின்ற தரகரே இலாபத்தின் பெரும்பகுதியை உண்டனர். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் சட்டம் 1976 முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் வாங்குவோர் உள்ளவரை தோண்டுவோர் இருப்பர். கோயில் பூட்டை உடைப்போரும் இருப்பர். 1978-இல் ஆனந்தமங்கலம் ராஜகோபாலன் ஸந்நிதியிலிருந்து களவுபோன ராம லக்ஷ்மண ஸீதா மூர்த்திகள் 2020-இல் லண்டனிலிருந்து மீண்டதற்கும் 1958-இல் எடுத்த புதுவைப் படங்களே சான்றாயின.

இந்த வணிகக் களவு வெற்றிக் கொள்ளையினும் கொடிது. அரசன் தெய்வத்தை இடம் மாற்றினான்; வணிகன் தெய்வத்தைப் பண்டமாக மாற்றுகிறான். திருமஞ்சனமும் தளிகையும் இன்றிக் கண்ணாடிப் பேழையில் நிற்கும் மூர்த்தியின் பெயருக்குப் பதிலாக நூற்றாண்டும் உயரமும் எழுதப்படுகின்றன.

இதன் மூலகாரணத்தை நம் ஆசார்யர்கள் என்றோ கூறிவிட்டனர். எம்பெருமானுக்கு உரிய ஆத்மாவைத் தன்னது என்று நினைக்கும் ஆத்மாபஹாரமே எல்லாக் களவுகளுக்கும் வித்து என்பது அவர்கள் முடிபு. ஆத்மாவையே தனதென்று கொண்டவன் அர்ச்சையைத் தனதென்று கொள்ளத் தயங்கான். எம்பெருமானோ அர்ச்சையில் தன்னை அர்ச்சகபராதீனனாக ஆக்கிக்கொண்டான். நீராட்டினால் நீராடி, ஊட்டினால் உண்டு, பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் அந்த ஸௌலப்யமே கள்வன் கைக்கும் எளிதாகிறது. அவன் தன்னைக் காத்துக்கொள்ளவில்லை என்று வருந்துவது அர்ச்சாவதாரத்தை அறியாமை. காக்கும் பொறுப்பை அவன் யாரிடம் ஒப்புவித்தான் என்று கேட்பதே முறை.

அக்கேள்வி கோயிற் பரிகரத்தாரையே நோக்குகிறது. மாற்றுப் படிமம் ஒன்று நெடுங்காலம் அறியப்படாமல் இருத்தல் எங்ஙனம் கூடும்? திருப்பரிவட்டமும் மாலையும் ஆபரணமும் சாற்றிய பின் ஸேவிப்போர் காண்பது அலங்காரத்தையே. திருமேனியின் வடிவம் முழுதும் புலப்படுவது திருமஞ்சன காலத்தில் மட்டும். அப்போதும் அருகில் இருப்போர் ஒரு சிலரே. அந்தச் சிலரின் கண் தளர்ந்தாலும், நினைவு தவறினாலும், மனம் பிறழ்ந்தாலும் வேறு சான்று இல்லை. ஸந்நிதியில் படமெடுத்தல் மரியாதைக் குறைவு என்று கருதிப் பல கோயில்களில் விலக்கினர். அவ்வெண்ணம் பக்தியிற் பிறந்ததே. ஆனால் ஆழ்வாரை அடையாளம் காட்டியது, நம் ஆசாரத்துக்குப் புறம்பானவர்கள், 1955-இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தில் இருந்துகொண்டு எடுத்த படம். அங்குத் திரண்டுள்ள படங்கள் 1,60,000-க்கு மேற்பட்டவை. கோயிலார் செய்யாது விட்டதை அவர்கள் செய்தனர்.

இதற்கு ஆக்ஷேபம் ஒன்று எழலாம்: படமும் விவரமும் கள்வனுக்கே வழிகாட்டாவோ எனின், ஆகா. கோயிலுக்குள் வந்து போகும் கள்வனுக்குப் படம் வேண்டுவதில்லை. ஆனால் களவு கொடுத்த ஊருக்குப் படமின்றி வழக்கில்லை. ஆதலின் திருமஞ்சன காலத்தில், ஆசாரம் வழுவாமல், ஒவ்வொரு மூர்த்தியின் உயரம், எடை, பீடத்தின் அமைப்பு, தேய்வு, வடு ஆகியவற்றைக் குறித்துப் படமெடுத்து, அதன் பிரதியைக் கோயிலுக்கு வெளியேயும் வைத்தல் இன்றைய கைங்கர்யங்களுள் ஒன்றாகும். பிள்ளை லோகாசார்யர் தம் முதிய வயதில் காட்டு வழியே பெருமாளைக் காத்துச் சென்றார். அவர் வழிவந்தோர்க்கு இன்று விதிக்கப்பட்டது ஒரு பதிவேடு எழுதும் அளவு எளிய பணி. கலியன் திருமேனி மீண்டு எழுந்தருளும் நாளில், அவரை எதிர்கொள்ளும் கோயில் அப்பதிவேட்டைக் கையில் கொண்டிருத்தல் வேண்டும்.