காணிக்காரர் காட்டிய பச்சிலை
(வானொலியில் ஒலிபரப்பான பேச்சு)

ஜவ்வாது மலையிலிருந்து இறங்குகிற சாமைக்கும் புளிக்கும் தேனுக்கும் எடை போட்டு விலை பேசுகிறோம். "இந்தப் பச்சிலை இதுக்கு ஆகும்" என்று மலைக்காரர் ஒருவர் சொல்கிறாரே, அந்தச் சொல்லுக்கு என்ன விலை? தெற்கே அகத்தியர் மலையில் இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது.

1987 கடைசியில் டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு, கேரளப் பக்கமாக அந்த மலை ஏறியது. வழிகாட்டப் போன காணிக்காரர்கள் ஏதோ ஒரு சின்னப் பழத்தை அவ்வப்போது மென்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். படித்தவர்களுக்கோ மூச்சு வாங்குகிறது! கேட்டால் சொல்லவில்லை, அது குலத்து ரகசியம். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டில் உள்ள தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதைச் சோதித்தது. காணிகள் தின்றது பழத்தை. ஆராய்ச்சியில் இலையிலும் மருந்துச் சத்து தெரிந்தது. இன்னும் மூன்று மூலிகை சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து தயாராயிற்று. 1995-96இல் கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 7 ஆண்டு உரிமம் கொடுத்தார்கள். கட்டணம் 10 லட்சம் ரூபாய்; அதுபோக விற்பனையில் நூற்றுக்கு 2 ரூபாய். கையெழுத்துப் போட்டது நிலையமும் கம்பெனியும். காணிகள் அந்தப் பத்திரத்தில் இல்லை.

ஆனாலும் வருமானத்தில் சரிபாதி காணிகளுக்கு என்று நிலையம் முடிவு செய்தது. சட்டம் அப்போது அப்படிக் கேட்கவில்லை, பெரிய மனசுதான். வாங்கிக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டுமே! 1997இல் அறக்கட்டளை பதிவாகி, 1999இல்தான் 5 லட்சத்துக்குச் சற்று மேலான தொகை போய்ச் சேர்ந்தது. வேறு ஊர்க் காணிகள் சிலர், எங்களை யார் கேட்டார்கள் என்றார்கள். ஞாயமான கேள்விதானே.

அப்புறம் இலைக்கே பஞ்சம் வந்தது. காட்டு நிழலில் வளர்ந்தால்தான் அந்தச் செடியில் சத்து சரியாக இருக்குமாம். காணிக் குடும்பங்களுக்குப் பயிரிடப் பயிற்சியும் கொடுத்தார்கள். காட்டுச் செடியையே பிடுங்கி விற்றுவிடுவார்களோ என்று வனத்துறை தடுத்தது. இலை போதாமல் மருந்து உற்பத்தி திணறியது.

2002இல் உயிரியல் பன்முகச் சட்டம் வந்தது. அறிவைக் கொடுத்தவருக்கும் லாபத்தில் பங்கு என்கிறது அது. ஊர்தோறும் ஒரு குழு, அதன் கையில் மக்கள் பதிவேடு என்றும் சொல்கிறது. 2023இல் செய்த திருத்தம், ஏடுகளில் ஏற்கெனவே எழுதியுள்ள மருத்துவ அறிவுக்கு அந்தப் பங்கிலிருந்து விலக்குத் தந்தது. ஜவ்வாது மலைப் பாட்டிமார் சொல்வது எந்த ஏட்டிலே இருக்கிறது? எல்லாம் வாய்வழிதான். உங்கள் பஞ்சாயத்துப் பதிவேட்டில் என்னென்ன ஏறியிருக்கிறது என்று ஒரு நடை போய்க் கேட்டுப் பாருங்கள்.