எலும்புக்குள் ஒரு பார்வை



"எலும்பு தேய உழைத்தோம்" என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் நம் இரத்தம் பிறக்கிறது. நல்லி எலும்பில் நாம் உறிஞ்சி உண்பதும் மஜ்ஜையே. இரத்தம் அங்கே உண்டாவதை 1868இல் ஜெர்மனியில் நாய்மனும் இத்தாலியில் பிட்சொசெரோவும் கண்டறிந்தார்கள்.

உயிரோடிருக்கும் மனிதரின் மஜ்ஜையை எப்படிப் பார்ப்பது? 1895இல் ரொண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் பால்மரம் நட்டது அதற்கு மறு ஆண்டுதான். எக்ஸ்ரே எலும்பு முறிவைக் காட்டியது, மஜ்ஜையைக் காட்டவில்லை. 1927இல் லெனின்கிராட் மருத்துவர் அரிங்கின், மார்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுத்தார். பட்டையைக் கீறிப் பாலைப் பார்ப்பது போன்ற முறை இது. குத்திய இடத்தின் செய்தி மட்டுமே கிடைத்தது.

கீறாமல் பார்க்கும் வழி காந்தத்தால் வந்தது. உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. வலிய காந்தத்துக்குள் படுக்க வைத்து வானொலி அலையை அனுப்பினால், அவை மறுமொழி தருகின்றன. கணிப்பொறி அதைப் படமாக்குகிறது. இதுவே எம்.ஆர்.ஐ. 1973இல் அமெரிக்காவின் லாட்டர்பர் இம்முறையில் எடுத்த படத்தை வெளியிட்டார். 1977இல் டமாடியன் குழுவினர் மனித உடலைப் படமெடுக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆயிற்று. வேகமாக எடுக்க வழி கண்டவர் இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டு. லாட்டர்பரும் அவரும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர்.

பிறந்த குழந்தையின் மஜ்ஜை பெரும்பாலும் சிவப்பு. வளர வளர, கைகால் எலும்புகளில் அது கொழுப்பாக மாறும். முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் சிவப்பு நீடிக்கும். வழக்கமாக எடுக்கும் ஒருவகைப் படத்தில் கொழுப்பு வெளிச்சமாகவும், சிவப்பு மஜ்ஜை மங்கலாகவும் தெரியும். வெளிச்சமாக இருக்கவேண்டிய இடம் மங்கியிருந்தால் மருத்துவர் யோசிப்பார். தலசீமியா போன்ற சோகையால் சிவப்பு மஜ்ஜை பரவியதா? இரத்தப் புற்றுநோய் புகுந்ததா? இதை முடிவுசெய்யப் பெரும்பாலும் ஊசிப் பரிசோதனையும் தேவைப்படும். "படம்தான் எடுத்தாயிற்றே" என்று நாம் மறுத்துவிடக்கூடாது. எங்கே பார்க்கவேண்டும் என்று படம் கைகாட்டுகிறது. என்ன நோய் என்று ஊசி சொல்கிறது.

நோயைக் காலத்தில் கண்டால் வழியுண்டு. வேலூர் மருத்துவமனையில் 1986இலும், கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987இலும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை. ஆனால் இதயக் கருவியோ இரும்புத் துணுக்கோ உடலில் இருந்தால் முன்னரே சொல்லிவிட வேண்டும். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் நம் தாய்மார்கள் மனம் கலங்க வேண்டாம். அந்த நேரத்துக்கு மஞ்சள் கயிறு போதும்.